விளக்கறைக் காவல்

மின்சாரத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை, கோபம்தான். பினாங்கில் பாதி வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்த காலம் அது. என் வயிற்றில் முதல் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்த மழைக்காலத்தில், நான் ஒரு மின்விளக்கு வரிசைக்குக் காவல் கிடந்தேன். மனிதருக்கு எரிந்த விளக்காக இருந்தாலாவது மனசு ஆறும். அவை செடிகளுக்கு எரிந்த விளக்குகள்.

சொன்னால் சிரிப்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் செடிக்கு விளக்கா என்று கேட்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். என் வீட்டுக்காரர் வயர்மேனாக வேலை பார்த்தது கடலைப் பார்த்த ஒரு பெரிய பங்களாவில். பங்களாக்காரர் சீனர். தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், முதலாளி என்று அர்த்தம். ஈயத்திலும் ரப்பரிலும் சம்பாதித்த மனுஷன், ஆர்க்கிட் பூ என்றால் பைத்தியம். இந்தப் பூவையும் அந்தப் பூவையும் சேர்த்துப் புதுசாக ஒரு பூவை உண்டாக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

ஆர்க்கிட் விதை விதை மாதிரியே இருக்காது. காயைப் பிளந்தால் தூள் கொட்டும், அவ்வளவுதான். மண்ணில் போட்டால் முளைக்காது. கண்ணாடிப் புட்டிக்குள் அகர்-அகர் என்கிற கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றி, நாம் பலகாரம் செய்வோமே அதே அகர்-அகர்தான், அது உறைந்ததும் தூளைத் தூவி, புட்டியின் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்தால் உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி ஒன்று படரும். அந்தப் பாசிதான் கன்று. ஒரு பொட்டுத் தூசி உள்ளே போனாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயிலில் வைத்தால் புட்டிக்குள்ளேயே வெந்துவிடும். அதனால் பங்களாவின் பின்கட்டில், ஜன்னல்களை அடைத்த ஓர் அறையில், தட்டுத் தட்டாகப் புட்டிகளை அடுக்கி, மேலே பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார். பகல் முழுக்க அவை எரியும். நாங்கள் அதை விளக்கறை என்போம்.

அந்த அறையின் வயரிங் முழுக்க என் வீட்டுக்காரர் கையால் செய்தது. விளக்குக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்று தவுக்கே எங்களுக்கு அடுத்த அறையைக் கொடுத்திருந்தார். அதற்கு முன்னால் நாங்கள் சுங்கை பினாங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். மூன்று குடும்பம், நடுவில் சாக்குத் திரை. பக்கத்துக் குடும்பத்து அம்மா திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளை பெற்றதை இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவள் நான். பிள்ளை பிறந்தது, அன்று சாயங்காலமே போனது. அந்த ஈரத் தரையில் என் பிள்ளை பிறக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். பங்களா அறைக்குச் சிமெண்டுத் தரை, ஓட்டுக் கூரை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக் கதவு. என் வாழ்க்கையில் நானாகத் தாழ்ப்பாள் போட்ட முதல் கதவு அது.

எனக்கு ஏழாம் மாதம். பங்களா வாசல் வளைவில் பல்பு மாற்ற ஏறிய என் வீட்டுக்காரர், மழை ஈரத்தில் ஏணி வழுக்கி, ஏணியோடு சேர்ந்து கீழே விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. நான் ஓடிப் பார்ப்பதற்குள் தவுக்கேயின் மோட்டார் காரில் ஏற்றியிருந்தார்கள். மோட்டாரை ஓட்டியவர் ஒரு தமிழ் முஸ்லிம். எனக்கு அண்ணன் முறையாகவே ஆகிப்போனவர்.

"பயப்படாத தங்கச்சி, எலும்புதான், சேந்துக்கும்லா," என்று சொல்லிவிட்டு ஓட்டிப் போனார். அவர் குரலிலேயே பயம் இருந்தது.

மறுநாள் காலையில் தவுக்கே எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். பனியனும் கால்சட்டையும் போட்டிருந்தார், முகத்தில் தூக்கம் இல்லை. கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். என் வயிற்றைப் பார்த்தார், பிறகு விளக்கறைக் கதவைப் பார்த்தார். வேறு வயர்மேன் வைத்தால் இந்த அறையை அவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார் மலாயில். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது, வந்துவிட்டது. உன் புருஷன் வரும் வரைக்கும் நீ பார், விளக்கு எரிகிற வரைக்கும் அறை உனக்கு என்றார். போகும்போது திரும்பி நின்று, "லம்பு மாத்தி, பிலிக் ஹாபிஸ்," என்றார். விளக்கு செத்தால் அறையும் போச்சு என்று அர்த்தம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். விஷயத்தைச் சொன்னதும் வலியை மறந்துவிட்டு என்னை முறைத்தார்.

"உனக்கு சுவிச்சு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே!"

"தெரிஞ்சிக்கிறேன். சொல்லுங்க."

"இது வெளயாட்டு இல்ல."

"நான் வெளயாட வரலங்க. மூணு குடும்பத்தோட திரைக்குப் பின்னால போய் நான் புள்ள பெத்துக்க மாட்டேன். சொல்லித் தொலைங்க."

சொன்னார். பீங்கான் கட்டைக்குள் மெல்லிசாக ஒரு கம்பி இருக்கும், அதுதான் பியூஸ். கரண்டு கூடிப்போனால் அது உருகி அறுந்துவிடும். "அது சாவுறது நமக்காகத்தான். அறுந்துச்சேன்னு எரிச்சல்பட்டுத் தடிக் கம்பிய மாட்டிடாத. அது அறுபடாது, வீடுதான் எரியும்." சுவிச்சுப் பலகையைத் தொடும்போது காலில் கட்டைச் செருப்பு இருக்க வேண்டும். ஒரு கையால் தொட வேண்டும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இடி இடித்தால் உடனே மெயின் சுவிச்சை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மின்னல் கம்பி வழியாக உள்ளே வந்து பல்பையெல்லாம் வெடிக்க வைத்துவிடும். சுடுகிற பல்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சிதறிவிடும். எறும்பு சுவிச்சுக்குள் புகும். பல்லி இரண்டு கம்பிக்கும் நடுவில் படுக்கும். தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, சாக்கைப் போட்டு அமுக்க வேண்டும். பேசிப் பேசி அவருக்கு மூச்சு வாங்கியது. நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

பிறகு ஆரம்பித்தது என் பிழைப்பு. தட்டுகளின் கால்களைத் தகர டின்களில் நிற்க வைத்து, டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். எறும்பு தரையை விட்டுவிட்டுச் சுவர் வழியாக வந்தது. சுவரில் சாம்பலைக் குழைத்துக் கோடு போட்டேன். பல்லிக்காக ஈர்க்குச்சி விளக்குமாறும் கையுமாகத் திரிந்தேன். கூரையில் சுவிச்சுப் பலகைக்கு நேர் மேலே ஓர் ஓடு கசிந்தது. ஏறிப் பார்க்க ஆள் இல்லை, நானும் ஏறும் நிலையில் இல்லை. என் வீட்டுக்காரரின் குடையை விரித்து, பலகைக்கு மேலே ஆணியடித்துக் கட்டினேன். சுவிச்சுக்குக் குடை பிடித்த பொம்பளை இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடல்காற்றில் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். தினமும் மெயினை இறக்கிவிட்டு உலர்ந்த துணியால் துடைப்பேன். ஒருநாள் மெயினை இறக்க மறந்துபோய் இரண்டு கையையும் வைத்துவிட்டேன். தோள் வரைக்கும் இழுத்து உதறியது. கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அது அசைந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, அழுது முடித்து, மெயினை இறக்கிவிட்டு மறுபடியும் துடைத்தேன்.

தவுக்கே தினமும் காலையில் வருவார். பூதக்கண்ணாடியை வைத்துப் புட்டி புட்டியாகப் பார்ப்பார். என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார், புட்டிகளிடம் மட்டும் ஹொக்கியன் சீனத்தில் முணுமுணுப்பார். கன்றுகள் தளதளவென்று இருந்தன. அவர் போகும்போது தலையை லேசாக அசைப்பார். அந்த அசைவுக்காக நான் விடிந்ததிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பாழாய்ப்போன இடி பிற்பகலில்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆளை உள்ளே விடுகிற நேரமும் பிற்பகல்தான். வானம் கறுத்தால் என்னால் விளக்கை விட்டு அசைய முடியாது, வெளுத்தால்தான் புருஷனைப் பார்க்கப் போகலாம். அந்த மாதத்தில் வானம் வெளுத்த நாட்கள் சொற்பம். மோட்டார் ஓட்டும் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். முதலில் "நல்லாருக்காரு" என்றார். பிறகு "காய்ச்சல் கொஞ்சம் இருக்கு" என்றார். பிறகு ஒருநாள், நான் கொடுத்தனுப்பிய கஞ்சித் தூக்கை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு வானத்தைப் பார்க்காமல் ஓடினேன். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் போகும்போதே வாடை வந்தது. என்ன வாடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் பினாயில் வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கண் இரண்டும் பளபளத்தன. என் கையைப் பிடித்தார், கை கொதித்தது. பேச வாயெடுத்தார். அந்த நேரம் தூரத்தில் இடி உருண்டது.

"மெயின எறக்கிட்டு வந்தியா?"

"இல்லங்க."

"போ. ஓடு."

"இருங்க, கொஞ்ச நேரம்..."

"ஓடுடி! ரூமு போயிரும்!"

எழுந்து ஓடினேன். ரிக்ஷாக்காரரை வேகமாப் போ, வேகமாப் போ என்று கத்திக்கொண்டே போனேன். மழை சாய்த்து அடித்தது. காய்ச்சலில் கிடக்கிற புருஷனை விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய புட்டிக்குள் இருக்கும் பாசிக்காக ஓடுகிறோமே என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. நனைந்த காலோடு கட்டைச் செருப்பைத் தேடி மாட்டி, மெயினை இறக்கிய அடுத்த கணம் பங்களாவின் மேலேயே இடி விழுந்த மாதிரிச் சத்தம். புட்டிகள் தட்டில் கிணுகிணுத்தன. ஒரு பல்புகூடப் போகவில்லை. அந்த இருட்டில் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன். பெருமையாக இருந்திருக்க வேண்டும், இல்லை.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் வானம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவர் ரொம்ப இளைத்துப்போயிருந்தார். டாக்டர்கள் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பேசிக்கொள்வதாகப் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் என்னிடம் தனியாகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் அது தெரிந்திருந்தது. காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பூசையைப் பற்றித்தான் பேசினார்.

"போன வருசம் நான் பூசை போடல. புக்கிட் தெங்கா பக்கம் வேலையா போயிட்டேன். அதான் இப்படி ஆச்சு."

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

"இருக்கு. நாளைக்கி நீ போடணும். பலகைக்கு, பல்புக்கு, குறடுக்கு, எல்லாத்துக்கும் பொட்டு வை. மஞ்சத் தண்ணி தெளி. மெயின எறக்கிட்டு வை. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள லாம்ப போட்டுரு. அந்த நேரத்துல இருட்டா கெடக்கக் கூடாது."

"சரிங்க."

"ஏணிக்கும் வை."

"ஏணிக்கு விளக்குமாத்தாலதான் வைப்பேன்," என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "வெச்சிரு, புள்ள. நல்லா, பட்டையா வை," என்றார்.

போன வருஷம் தவிர, வருஷா வருஷம் அவர் பூசை போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எட்ட நின்று பார்த்தவள்தானே. அவர் எங்கே தொட்டார், எங்கே தொடாமல் விட்டார், எவ்வளவு நேரம் காய வைத்தார் என்பதெல்லாம் கவனித்ததில்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. உயிருக்குப் போராடுகிறவரிடம் சந்தனத்தைக் கெட்டியாக அரைப்பதா, தண்ணியாக அரைப்பதா என்று யார் கேட்பார்கள்?

பூசையன்று விடிந்ததிலிருந்து தூறல். தவுக்கே புட்டிகளைப் பார்த்துவிட்டு வெளியே போனார். விளக்கு காலை முழுக்க எரிந்தது. நான் மெயினை இறக்கினேன். பல்புகள் ஆறும்வரை காத்திருந்தேன். அதிலெல்லாம் எனக்குத் தப்பு வரவில்லை. சந்தனம் அரைத்து, அவர் சொன்னபடி நல்லா பட்டையாக, சுவிச்சுப் பலகைக்கு மேலேயிருந்து கீழே வரைக்கும் வைத்தேன். மெயினிலிருந்து கம்பி வருகிற இடத்தில் ஒன்று, பியூஸ் கட்டை ஒவ்வொன்றிலும் ஒன்று, சுவிச்சில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே குங்குமம். ஒவ்வொரு பல்பின் தலையிலும் ஒரு பொட்டு. மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தெளித்தேன். ஏணிக்கும் வைத்தேன், வைதுகொண்டேதான் வைத்தேன். கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டேன். அவர் காலைக் கொடு, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டேன். பிறகு அந்த அறையையும் கொடு என்று சேர்த்துக் கேட்டேன்.

சந்தனம் காயவில்லை. தூறல் காற்றில் என்ன காயும்? விசிறியை எடுத்து விசிறினேன். விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டியது. ஈரத்தோடு போடக் கூடாது என்று புத்திக்குத் தெரிந்தது. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை காத்திருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். துணியை எடுத்துத் துடைத்துவிட்டால் ஒரு நிமிஷ வேலை. துணியைக் கையில் எடுத்தும்விட்டேன். பலகையில் அந்தச் சிவப்புப் பொட்டு என்னையே பார்த்தது. புருஷன் ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடக்கும்போது, அவர் வைக்கச் சொன்ன பொட்டை எந்தப் பொண்டாட்டி தன் கையால் அழிப்பாள்? என்னால் முடியவில்லை. இன்றைக்கு நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அன்றைக்கு என் இடத்தில் நின்றிருந்தால் உங்களாலும் முடிந்திருக்காது.

கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மெயினை ஏற்றினேன்.

விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது பலகையில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. சந்தனம் கொதித்து நுரைத்தது. பியூஸ் அறுந்துவிடும், அறுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அறுபடவில்லை. நான் சந்தனம் அப்பியிருந்தது மெயினிலிருந்து கம்பி வருகிற இடத்தில், பியூசுக்கும் முன்னால். அங்கே நடந்தது பியூசுக்குத் தெரியவே தெரியாது. இதைப் பல வருஷம் கழித்துத்தான் அவர் எனக்கு விளக்கினார். நீல நிறமாக ஒரு நெருப்பு இரண்டு கம்பிக்கும் நடுவில் குதித்தது. அதே நேரத்தில் தட்டுக்கு மேலே மஞ்சள் தண்ணீர் இறங்கியிருந்த ஹோல்டர்கள் சடசடவென்று பொறி கக்கின. ஒரு பல்பு வெடித்தது. பொறி விழுந்த இடமெல்லாம் பஞ்சு.

புட்டி வாய்களில் இருந்த பஞ்சு வரிசையாகப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மெயினைப் பிடித்து இழுத்தேன். பிடி சுட்டது, தோல் ஒட்டிக்கொண்டது, விடாமல் இழுத்துக் கீழே இறக்கினேன். தண்ணீர் ஊற்றாதே, தண்ணீர் ஊற்றாதே என்று அவர் குரலே காதுக்குள் கேட்டது. வாசலில் கிடந்த சாக்கை எடுத்துத் தட்டின் மேல் போட்டு அமுக்கினேன், அடித்தேன். தீ அணைந்தது. அடித்த அடியில் புட்டிகள் உருண்டு விழுந்து உடைந்தன. உடையாத புட்டிகளுக்கு மூடி இல்லை, உள்ளே கரியும் சாம்பலும். சத்தம் கேட்டு மோட்டார் அண்ணன் ஓடி வந்தபோது, நான் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பச்சைத் துணுக்குகளை விரலால் பொறுக்கி, மறுபடியும் அகர்-அகருக்குள் நட்டுக்கொண்டிருந்தேன்.

"விடு தங்கச்சி. கை வெந்துபோச்சு பாரு. விடுலா," என்றார்.

"வேர் இருக்குண்ணே. இன்னும் வேர் இருக்கு," என்றேன்.

தவுக்கே சாயங்காலத்துக்கு முன்னால் வந்தார். அண்ணன் லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். தவுக்கே கருகிய பலகையைப் பார்த்தார், அதில் மிச்சமிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார், மேலே விரித்துக் கட்டிய குடையைப் பார்த்தார். அவர் வீட்டு முன்கூடத்திலும் சாமி மாடம் உண்டு, காலையும் மாலையும் ஊதுபத்தி ஏற்றுகிறவர். எதற்காக இதைச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. குனிந்து ஒரு புட்டியை எடுத்தார். அதன் கழுத்து உடைந்திருந்தது, உள்ளே கன்றுகள் கரிப்பொடியோடு நின்றன. அவர் உதடு கோணியது. அந்தப் பெரிய மனுஷன் சத்தமில்லாமல் அழுதார். காலில் விழுந்து கெஞ்சுவதற்காகத்தான் நான் காத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு விழவில்லை.

வேறு ஆள் வருவான், குடும்பத்தோடு வருவான், வாரம் முடிவதற்குள் அறையைக் காலி செய்துகொடு என்று புட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் கைக்கு மருந்து போடச் சொல்லி அண்ணனிடம் சொன்னார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் இடி இடித்தாலும் பரவாயில்லை என்று நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டே போனேன். நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன், நீங்கள் சொன்ன பொட்டால்தான் எல்லாம் போனது, இப்போது நான் எங்கே போய்ப் பிள்ளை பெறுவேன், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுச் சண்டை போட வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. சண்டை போட்டுவிட்டு அவர் மேல் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கட்டிலில் போர்வையைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். ஒரு பக்கம் கால் இருந்தது. இன்னொரு பக்கம் முழங்காலோடு முடிந்து, அதற்குக் கீழே போர்வை மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தது. முந்தின நாள்தான் எடுத்தார்களாம், நான் பூசை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண்ணைத் திறந்தார். என்னைத் தெரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது.

"பொட்டு வெச்சியா?"

"வெச்சேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"லாம்பு எரியுதா?"

முந்தானையைக் கட்டின்மேல் இன்னும் இழுத்துச் சுற்றிக்கொண்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதுங்க," என்றேன்.

அவர் முகம் தளர்ந்தது. உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டு, என் வயிற்றின் மேல் கையை வைத்தார்.

"அது போதும்," என்றார். "கால் போனா போவுது. நம்ம புள்ள பொறக்க ரூமு இருக்குல்ல."